செய்யாமல் விட்டதையும் எழுதுங்கள்

1981-ல் நான் ஹெல்ப்பர் பையனாகச் சேர்ந்த உக்கடம் பட்டறையில் சுவரில் தொங்கிய காலண்டர் தவிரக் காகிதமே கிடையாது. எந்த வண்டிக்கு எப்போது என்ன வேலை செய்தோம் என்பது முழுக்க மேஸ்திரியின் ஞாபகத்தில் இருந்தது. அவர் ஊருக்குப் போன நாளில் பழைய வண்டி ஒன்று திரும்பி வந்தால், அதைப் புது வண்டி போலப் பாவித்து முதலிலிருந்து பிரித்துப் பார்ப்போம். அப்போது கோவையில் ஓடியவை பெரும்பாலும் அம்பாசடரும் ஃபியட்டும்தான். இரண்டே வகை வண்டி, தெரிந்த முகங்கள் என்பதால் ஞாபகத்தை நம்பியே காலம் ஓடியது.

இரண்டு வருடம் கழித்து வேறொரு பட்டறைக்கு மாறினேன். அங்கே ஃபோர்மேனாக இருந்தவர் ராணுவத்தில் வண்டிகளைப் பராமரிக்கும் இ.எம்.இ. பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் நீளமான லெட்ஜர் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பக்கம். மேலே பதிவு எண், எஞ்ஜின் எண், சேஸிஸ் எண். கீழே தேதி, மீட்டர் ரீடிங், வண்டிக்காரர் சொன்ன குறை, நாங்கள் பார்த்தது, செய்தது. கிரீஸ் கையோடு லெட்ஜரைத் தொட்டால் அடி விழும். வேலை முடிந்து கை கழுவிவிட்டு வந்து, அவர் எதிரில் நின்று, செய்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். அவர் எழுதுவார். சொல்லும்போதே சில சமயம், "அந்த போல்ட்டை டைட் வச்சியா?" என்று கேட்பார். பதில் தயங்கினால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு திரும்ப வண்டிக்குப் போக வேண்டியதுதான்.

அந்த லெட்ஜரின் அருமையை ஒரு நெல் மில் முதலாளியின் அம்பாசடர் எனக்குக் காட்டியது. தாராபுரம் பக்கம் போன இடத்தில் எஞ்ஜினில் பேரிங் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அங்கிருந்து டிரங்க் காலில் கூப்பிட்டார். அந்தக் கால அம்பாசடர் எஞ்ஜினில் கிராங்க் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துப் பத்து தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிரைண்ட் செய்வோம், அதற்கேற்ற அளவில் பேரிங் போடுவோம். அடுத்த முறை இருபது, பிறகு முப்பது. எத்தனையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. சம்பைக் கழற்றி, பழைய பேரிங்கை வெளியே எடுத்து, அதன் முதுகில் பொறித்திருக்கும் அளவைப் பார்த்த பிறகுதான் புதிதை வாங்க வேண்டும். ஃபோர்மேன் லெட்ஜரைப் புரட்டினார். கிராங்க் இருபது தௌ என்று எழுதியிருந்தது. காட்டூரில் இருபது தௌ பேரிங் வாங்கிக் கையில் கொடுத்து, என்னையும் இன்னொருவரையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அன்று இரவே வண்டி வீட்டுக்கு வந்தது. லெட்ஜர் இல்லாத பட்டறையாக இருந்திருந்தால் ஒருவர் போய்க் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மறுநாள் சாமானோடு மறுபடியும் போயிருப்பார்.

எஞ்ஜின் ஆயில் ஊற்றினால்கூட எவ்வளவு என்று அவருக்குச் சொல்ல வேண்டும். அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று ஓரத்தில் சின்னதாகக் குறித்து வைப்பார். ஒரு டாக்டரின் வண்டி சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் அந்த ஓரக் குறிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. சைலன்சரில் புகை கிடையாது, இழுவையும் குறையவில்லை. ஆனாலும், "ரிங் போகுதுங்க டாக்டர், இந்த வருசத்துக்குள்ள செஞ்சிடலாம்" என்று ஃபோர்மேன் அப்போதே சொல்லிவிட்டார். டாக்டருக்கு அது பிடித்திருந்தது. நோயாளியின் கேஸ் ஷீட்டை அவரும் அப்படித்தானே பார்ப்பார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எங்கள் மாதிரிப் பட்டறைகளுக்கு அது வந்து சேர இன்னும் சில வருடம் பிடித்தது. கூடவே சர்வீஸ் புத்தகமும் வந்தது. எத்தனை கிலோமீட்டரில் எதைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டு வண்டிக்காரர் கையிலேயே கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாளடைவில் அது முத்திரை குத்தும் புத்தகமாகிவிட்டது. கட்டத்துக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், கிறுக்கலாக ஒரு கையெழுத்து. ரீடிங் இருக்காது. என்ன பார்த்தார்கள், எந்த நிலையில் இருந்தது என்ற பேச்சே இருக்காது. ஸ்டாம்ப் வரிசையாக இருந்தால் வண்டி நன்றாகப் பராமரிக்கப்பட்டது என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வண்டி அன்றைக்குப் பட்டறைக்குள் வந்தது என்பதற்கு மேல் அந்த ஸ்டாம்ப் எனக்கு எதையும் சொல்வதில்லை.

பில்லும் அப்படித்தான். "ஜெனரல் சர்வீஸ்" என்று ஒரு தொகை, "பிரேக் வேலை" என்று ஒரு தொகை. கொடுத்த பணத்துக்கு அது கணக்கு, அவ்வளவே. பிரேக் வேலை என்றால் பேட் மாற்றினார்களா, வீல் சிலிண்டருக்கு வாஷர் போட்டார்களா, வெறுமனே சுத்தம் செய்து அட்ஜஸ்ட் செய்தார்களா? அடுத்த மெக்கானிக்குக் கண்டுபிடிக்க வழியில்லை.

நான் பார்த்ததிலேயே சிறந்த நோட்டை வைத்திருந்தவர் மெக்கானிக் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். 1994-ல் சிங்காநல்லூரில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் அவர் தன் மாருதி 800-ஐக் கொண்டுவந்தார். காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, ஆனால் எல்லா நாளும் அப்படியில்லை என்பதுதான் குறை. அதற்கு முன் வேறு இடங்களில் பேட்டரி மாற்றியிருந்தார்கள், பிளக் மாற்றியிருந்தார்கள், கார்புரேட்டரைப் பிரித்துக் கிட் போட்டிருந்தார்கள். குறை போகவில்லை. பட்டறைக்குக் கொண்டுவந்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும், சோதிக்கவும் வழியில்லை.

அவர் கைப்பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பிள்ளைகளின் காம்போசிஷன் திருத்தும் சிவப்பு மையில், முத்து முத்தான எழுத்து. "காலை ஏழு மணி. எட்டு முறை சாவி திருப்பிய பிறகு கிளம்பியது. கிளம்பியதும் குலுங்கியது. ராத்திரி மழை." அடுத்த நாள், "உடனே கிளம்பியது." அதற்கடுத்த வாரம், "கிளம்பவே இல்லை. ஆட்டோவில் போனேன். விடிய விடியத் தூறல். மத்தியானம் வந்து பார்த்தால் ஒரே திருப்பில் கிளம்பிவிட்டது." மழையை அவர் ஒரு காரணமாக எழுதவில்லை. டைரி எழுதுகிறவர்களின் பழக்கத்தில் அன்றன்றைய வானிலையும் வந்து விழுந்திருந்தது. பக்கங்களைப் புரட்டினால் கிளம்பாத காலை ஒவ்வொன்றின் பக்கத்திலும் மழை இருந்தது.

அதற்குமேல் நான் பேட்டரியையோ கார்புரேட்டரையோ தொடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் மயிரிழை போல ஒரு கீறல், அதன் வழியே கரிக்கோடு. காற்றில் ஈரம் ஏறினால் கரன்ட் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டில் ஒழுகிவிடும். வெயில் ஏறிக் காய்ந்ததும் சரியாகிவிடும். புது மூடி போட்டோம். அடுத்த ஐப்பசி மழையில் டீச்சர் வந்து சொன்னது, "ஒண்ணும் பிரச்னையில்லைங் தம்பி. ஆனாலும் நோட்டு எழுதறதை நான் நிறுத்தலை."

அதிலிருந்து நான் வண்டிக்காரர்களிடம் சொல்லி வருவது ஒன்றுண்டு. நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம், கண்டதையும் கேட்டதையும் எழுதுங்கள். "கிளட்ச் போய்விட்டது" என்று எழுதி வருகிறவரைவிட, "மேட்டில் நாலாவது கியரில் மிதித்தால் எஞ்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலை" என்று எழுதி வருகிறவர் எனக்கு அரை மணி நேர டிரையலை மிச்சப்படுத்துகிறார். என் ஜாப் கார்டிலும் வண்டிக்காரர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். "கிர்ர்னு சத்தம்" என்றால் கிர்ர் என்றே இருக்க வேண்டும்.

இன்னொன்று, என் தொழிலில் பெரும்பாலோர் எழுதவே எழுதாதது. செய்யாமல் விட்ட வேலை.

வண்டியை லிஃப்டில் ஏற்றுகிறோம். வந்தது ஆயில் சர்வீஸுக்கு. முன் பிரேக் பேட் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்று தெரிகிறது. வண்டிக்காரருக்குப் போன் போட்டுச் சொல்கிறோம். "இந்த மாசம் பொண்ணுக்கு ஃபீஸ் கட்டோணுங். அடுத்த தடவை பாத்துக்கலாங்" என்கிறார். நியாயமான பேச்சுதான். மூன்று மில்லிமீட்டரில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனால் அதை எழுதாவிட்டால் அந்த மூன்று மில்லிமீட்டர் அவருக்கும் மறந்துபோகும், எனக்கும் மறந்துபோகும். அடுத்த முறை வண்டி வேறு பட்டறைக்குப் போகலாம், வேறு டிரைவர் கொண்டுவரலாம். பேட் தேய்ந்து இரும்பு டிஸ்க்கை அறுத்த பிறகு, பேட் செலவோடு டிஸ்க் செலவும் சேர்ந்து நிற்கும். மலைப்பாதையில் நடந்தால் செலவோடு போகாது.

அதனால் என் ஜாப் கார்டில் கடைசிக் கட்டம் அதற்காகவே இருக்கிறது. "முன் பேட் 3 மி.மீ. சொல்லியாச்சு. இப்போது வேண்டாம் என்றார்." தேதி, ரீடிங், அவர் கையெழுத்து. கையெழுத்து கேட்டதும் பாதிப் பேர், "அப்படீன்னா மாத்தியே போடுங்" என்பார்கள். வேலை பிடிப்பதற்காகச் செய்கிற தந்திரம் என்று ஆரம்பத்தில் சிலர் நினைத்தார்கள். வருடக்கணக்கில் பழகிய பிறகு அந்தக் கட்டத்தைத்தான் முதலில் வாசிக்கிறார்கள். பணம் எப்போது தோதுப்படும் என்று பார்த்து அவர்களே திட்டம் போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த எழுத்தைப் பல மெக்கானிக்குகள் விரும்புவதில்லை. "எழுதிக் குடுத்தா நாளைக்கு நம்ம கழுத்தைத்தான் புடிப்பாங்கண்ணா" என்று தம்பிமார்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், எழுதினால் பிடிப்பார்கள். தன் வேலைக்குத் தன் பெயர் போடத் தயங்குகிறவர் அந்த வேலையைத் தொடவே கூடாது என்பது என் தீர்மானம்.

ஆனால் எழுத்து காப்பாற்றவும் செய்யும். எங்கள் பட்டறையிலேயே நடந்த ஒன்று. ஒரு வாடிக்கையாளரின் வண்டி சர்வீஸுக்கும் சில்லறை வேலைக்குமாக அடிக்கடி வந்து போகும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பையன் பார்த்தான். ஒவ்வொருவனும் ரிசர்வ் டாங்கில் கூலண்ட் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்து நிரப்பியிருக்கிறான். கால் லிட்டர், கால் லிட்டர், அப்புறம் கொஞ்சம் அதிகம். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரி நின்றபோது, மூடிய சிஸ்டத்தில் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி வந்தது. பிரஷர் வைத்துப் பார்த்ததில் வாட்டர் பம்ப் சீல் வழியாகச் சூட்டில் மட்டும் கசிந்து, அங்கேயே ஆவியாகிக்கொண்டிருந்தது. கீழே சொட்டு விழாததால் வீட்டிலும் யாரும் கவனிக்கவில்லை. பம்ப் மாற்றியதோடு முடிந்தது. விட்டிருந்தால் என்றாவது ஒருநாள் எஞ்ஜின் காய்ந்து ஹெட் வளைந்திருக்கும்.

கண்ணில் படாமல் கெடுகிற சாமான்களுக்குத்தான் நோட்டு மிக அவசியம். பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பழசாவதால் அளவு குறையாது, சத்தம் போடாது. ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். டவுனுக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் விடாமல் பிரேக் மிதித்து, பர்லியார் தாண்டிக் கல்லாறு வருவதற்குள் சூடேறி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். எப்போது மாற்றினோம் என்பதை வண்டியைப் பார்த்து அறிய முடியாது, காகிதத்தில்தான் இருக்க வேண்டும்.

டைமிங் பெல்ட்டும் அதே ஜாதி. 1998-ல் சான்ட்ரோவும் இண்டிகாவும் வந்த பிறகு கோவை டாக்ஸி ஸ்டாண்டுகளில் டீசல் இண்டிகா நிறைந்தது. அதில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், ஹெட்டை இறக்க வேண்டும். கைமாறிக் கைமாறி வந்த டாக்ஸிகளில் பெல்ட் எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. "போட்டிருக்காங்களாமுங்" என்பார்கள். யார், எத்தனையாவது கிலோமீட்டரில் என்று கேட்டால் பதில் வராது. வண்டி வாங்கிய அடுத்த வாரமே பெருந்துறை பக்கம் பெல்ட் அறுந்து, கயிறு கட்டி இழுத்து வந்த டிரைவர் ஒருவர், வண்டிக் கடனோடு ஹெட் செலவுக்கும் கடன் வாங்கினார். அவருக்கு விற்றவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் அந்தக் கடன் மிச்சம். பெல்ட் மாற்றினால் அதன் கவர் மேலேயே தேதியும் ரீடிங்கும் எழுதி ஒட்டும் பழக்கம் எங்களுக்கு அப்போதுதான் வந்தது. நோட்டு தொலைந்தாலும் வண்டியோடு அது போகும்.

ரீடிங் என்றதும் ஓர் எச்சரிக்கை. பழைய வண்டிகளில் மீட்டர் கேபிள் அறுந்து, முள் அசையாமலே மாசக்கணக்கில் ஓடும். இன்றைய வண்டிகளிலும் மீட்டர் கன்சோல் பழுதாகி மாற்றுவதுண்டு. மாற்றினால், பழைய மீட்டர் எதில் நின்றது, புதியது எதில் தொடங்கியது என்ற இரண்டையும் அன்றே எழுதுங்கள். கிலோமீட்டரோடு தேதியையும் விடாமல் போடச் சொல்வது இதற்காகத்தான். மீட்டரைத் திருப்பிவைத்து விற்கும் வியாபாரம் நெடுங்காலமாக நடக்கிறது. வரிசையாகத் தேதியும் ரீடிங்கும் எழுதிய நோட்டின் முன்னால் அந்த வித்தை எடுபடாது.

2000-ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. வண்டிக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு தனக்கு வந்த குறையை ஒரு குறியீட்டெண்ணாக, அதாவது கோடாகப் பதிந்து வைக்கிறது. இனி நாம் எழுத வேண்டியதில்லை என்று பலர் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு. எஞ்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரை மாட்டி, கோடை அழித்து, விளக்கு அணைந்ததும் வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். பேட்டரி வயரைக் கழற்றினாலே பல வண்டிகளில் கோடு போய்விடும். எந்தக் கோடு, எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்ற விவரத்தை எழுதாமல் அழிப்பது சாட்சியைக் கலைப்பதுதான். முதல் சிலிண்டர் மிஸ் ஃபயர் என்று பி0301 வருகிறது. முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்க்கிறோம். பி0303 வந்தால் காயில்தான் கெட்டது. மறுபடி பி0301 என்றே வந்தால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். காயிலை இடம் மாற்றியதை எழுதவில்லையென்றால், அடுத்து வண்டியைப் பார்ப்பவர் ஒன்றும் புரியாமல் நல்ல காயிலைக் கழற்றி எறிவார்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து மலிவு விலையில் வண்டிகள் எல்லா ஊருக்கும் வந்தன. எங்களிடம் ஒருவர் புதிதாக வாங்கப்போகிற வண்டியைப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். உள்ளே பளபளவென்று இருந்தது. கம்பெனி சர்வீஸ் விவரத்தை வாங்கிப் பார்த்தால் மாதம் தவறாமல் ஓடிய வண்டி 2015 நவம்பரோடு நின்று, அடுத்த வருடம் பாதியில் வேறு ஊரில், அதிகம் ஏறாத ரீடிங்கில் தொடங்கியது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தோம். அடிப்பகுதியில் காய்ந்த சேற்றுக்கோடு. அவர் வாங்கவில்லை. எழுதப்பட்ட வரிகள் சொல்லாததை எழுதப்படாத அந்த இடைவெளி சொல்லிவிட்டது.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில்தான் வைக்கின்றன. ஆனால் அது அவர்களிடம் இருக்கிறது. வாரன்டி முடிந்து நீங்கள் வெளியே வந்ததும் உங்கள் கையில் இருப்பது பில் மட்டும். டயர் கடை, பேட்டரி கடையில் தரும் சூடேற்றி அச்சடிக்கும் பில் காரின் டாஷ்போர்டு சூட்டில் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாரன்டி கேட்டுப் போகும் நாளில் அதைக் காட்டி ஒன்றும் பேச முடியாது. வாங்கிய அன்றே போனில் படம் பிடித்துவிடுங்கள், ஜெராக்ஸும் எடுத்துவிடுங்கள். போனில் எழுதுவதா, நோட்டில் எழுதுவதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எதில் விடாமல் எழுதுவீர்களோ அதில் எழுதுங்கள். வண்டியை விற்கும்போது நோட்டைச் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பதால் எனக்கு நோட்டுதான் பிடிக்கும்.

2025-ல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிப் பேச்சு கிளம்பியபோது, மைலேஜ் குறைந்துவிட்டது என்று பலர் வந்தார்கள். முன்பு எவ்வளவு கொடுத்தது என்று கேட்டால், "பதினஞ்சு பதினாறு இருக்குமுங்" என்றார்கள். டாங்கை நிரப்பி, ரீடிங் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதி வைத்திருந்த வெகு சிலரிடம்தான் பேச எண்கள் இருந்தன. அவர்களில் சிலருக்குக் குறைவின் ஒரு பங்கு எத்தனாலால், மீதி டயரில் காற்று குறைந்ததால் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது.

உங்கள் வண்டிக்கு நோட்டு இல்லையென்றால், வண்டி எத்தனை பழையதாக இருந்தாலும் இன்றைய தேதியிலும் இன்றைய ரீடிங்கிலும் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் டைமிங் பெல்ட், பிரேக் ஆயில், கூலண்ட், பேட்டரி, டயர் என்று எழுதி, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது மாற்றியது என்பதைப் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதைப் பார்த்து எழுதிவிடலாம். மற்றவற்றில் தெரியாததற்கு நேரே "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை மெக்கானிக்கிடம் காட்டி, "தெரியவில்லை" என்று இருப்பவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.